17 பவுண்டும் ஒரு போர்வையும்

நெப்ராஸ்கா மாநிலத் தலைநகர் லிங்கனில் போர்வைகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. ஆர்டிஸ், ராபர்ட் ஜேம்ஸ் தம்பதியர் தாங்கள் சேர்த்து வைத்திருந்த போர்வைகளை, 1000-க்குக் கொஞ்சம் குறைவு, 1997-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். 2008-இல் அவற்றுக்குச் செங்கல்லும் வளைந்த கண்ணாடியுமாகச் சொந்தக் கட்டடம் எழுந்தது. கூடத்துக்குள் பகலிலும் அரையிருட்டுத்தான். வெளிச்சம் பட்டால் பழைய சாயம் வெளுத்துவிடும் என்று விளக்குகளைத் தணித்தே வைத்திருக்கிறார்கள். கண் பழகச் சற்று நேரமாகிறது. பழகியதும் சுவர்களிலிருந்து நிறங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வருகின்றன.

குவில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை. மேலே வெட்டுத்துணிகளை ஒட்டித் தைத்த முகம், நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, சட்டத்தைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, சின்னச் சின்ன ஓட்டுத்தையலால் ஒன்றாக்குவார்கள். பஞ்சு ஒரு பக்கம் திரண்டு போகாமல் காப்பது அந்தத் தையல்தான். அழகு அதன் உபரி. வங்காளத்தின் காந்தாவும் சிந்துவின் ராலியும் இந்தச் சேமிப்பில் இருக்கின்றன. ஆனால் நான் வந்தது அமெரிக்கப் போர்வைகளுக்காக. இன்னும் குறிப்பாக, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மாட்டுவண்டியிலும் கைவண்டியிலும் மேற்கே போனவர்களின் போர்வைகளுக்காக.

வடிவங்களின் பெயர்களைக் கேட்டால் பாதி வேதாகமத்திலிருந்து எடுத்தது போல இருக்கும்: யாக்கோபின் ஏணி, முள்முடி, யோபின் கண்ணீர். மீதிப் பாதி சாலையிலிருந்து வந்தவை: கரடிப் பாதம், குடிகாரன் பாதை, கான்சாஸுக்குப் போகும் கரடுமுரடுப் பாதை. இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு, விளக்கடியில் ஜெபித்துக்கொண்டே யாக்கோபின் ஏணியைத் தைத்த வண்டிக்காரப் பெண்ணைக் கற்பனை செய்துகொள்வது மிகச் சுலபம். சுற்றுலாக் கடைகள் விற்பது அந்தப் பெண்ணைத்தான். உண்மையில் இந்தப் பெயர்களில் பல 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பத்திரிகைகளிலும் வடிவப் பட்டியல்களிலும் அச்சேறின. நடுவில் சிவப்புச் சதுரம் வைத்த 'மரக்குடில்' வடிவமும் 1860-களில் பரவியது; அதற்குள் பெரும் வண்டிப் பயணங்களின் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. கடவுள் ஒருவரே குறையற்றவர் என்பதால் ஒவ்வொரு போர்வையிலும் வேண்டுமென்றே ஒரு பிழை விடுவார்கள் என்றும் சொல்வார்கள். துணி வரலாற்றாளர்கள் இதை நம்புவதில்லை. ஆயிரக்கணக்கில் தையல் போடும் ஒருத்திக்குப் பிழை விட முயற்சி வேறு தேவையா என்ன?

நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. 1840-களில் 'கையெழுத்துப் போர்வை' அமெரிக்கப் பெண்களிடையே பெரும் மோஸ்தராக இருந்தது. துணியை அரிக்காத, அழியாத மை அப்போது கிடைக்கத் தொடங்கியிருந்தது. மேற்கே போகிறவளுக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு கட்டம் தைத்து, நடுவில் தங்கள் பெயரை எழுதிக் கொடுப்பார்கள். சிலர் கூடவே ஒரு வேத வசனத்தையும் எழுதினார்கள். மறுபடி பார்க்கப் போவதில்லை என்பது இரு பக்கமும் தெரியும். அப்படி ஒரு போர்வையின் முன்னால் நெடுநேரம் நின்றேன். பழுப்பேறிய மையில், பள்ளிக்கூடத்துச் சாய்வெழுத்தில், வரிசை வரிசையாகப் பெண்களின் பெயர்கள்.

அங்கிருந்த முதிய தன்னார்வலரிடம், வண்டியில் போய்ச் சேர்ந்த போர்வை எது என்று கேட்டேன். அவர் சிரித்தார். "இங்கே இருப்பவை பெட்டிக்குள் இருந்தவை. விருந்தாளிக்கும் திருமணத்துக்கும் எடுத்து, மறுபடி மடித்து வைத்தவை. தினமும் போர்த்திக்கொண்டவை எப்படி மிஞ்சும்?"

அந்தப் பதில் மேற்கே போகும் வழியெல்லாம் என்னோடு வந்தது. தினப்படிப் போர்வை படுக்கையானது. புல்கட்டி வீட்டின் கதவு வைக்காத வாசலில் தொங்கியது. வண்டிப் பக்கவாட்டில் காற்றுக்குத் தடுப்பானது. பீங்கான் உடையாமல் சுற்றப் பயன்பட்டது. கடைசியில் யாராவது ஒருவரோடு மண்ணுக்குள் போனது. அருங்காட்சியகத்தில் இருப்பவை கஷ்டம் பார்க்காத போர்வைகள். பார்த்தவை வேறெங்கோ கிடக்கின்றன.

*

ஒமாஹாவின் வடக்கு ஓரத்தில் ஃப்ளோரன்ஸ் என்ற பகுதி இருக்கிறது. 1846-இல் இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரத்திலிருந்து துரத்தப்பட்ட மார்மன் மதப் பிரிவினர் குளிர்காலத்தைக் கழிக்க மிசூரி ஆற்றங்கரையில் குடிசை போட்டது இங்கேதான். அவர்களுடைய தீர்க்கதரிசி ஜோசப் ஸ்மித்தை 1844-இல் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து சுட்டுக் கொன்றிருந்தது. போக இடமில்லாதவர்களைப் பிரிகம் யங் மேற்கே நடத்தினார். மலைச்சரிவில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் ஏவர்ட் ஃபேர்பேங்க்ஸ் வடித்த வெண்கலச் சிலை நிற்கிறது. திறந்திருக்கும் குழந்தைக் குழிமேல் குனிந்து நிற்கும் ஒரு தாயும் தகப்பனும். அந்த மலைச்சரிவில் புதைக்கப்பட்டவர்களில் குழந்தைகள் ஏராளம்.

ஆனால் என்னை இங்கே இழுத்தது பத்து ஆண்டு பிந்தைய கதை. 1847-இல் முதல் குழு இன்றைய யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்த பிறகு, இங்கிலாந்திலும் ஸ்காண்டிநேவியாவிலும் மதம் மாறிய ஆலைத் தொழிலாளர்களும் ஏழைகளும் 'சீயோனுக்கு' வரத் துடித்தார்கள். 1855-இல் வெட்டுக்கிளியும் வறட்சியும் யூட்டாவின் விளைச்சலை அழித்தன. திருச்சபையின் குடியேற்ற நிதியில் பணம் குறைந்தது. மாட்டுவண்டிக்குச் செலவு அதிகம். அதனால் 1856-இல் ஒரு திட்டம் பிறந்தது: ரயில் முடியும் அயோவா சிட்டியிலிருந்து சால்ட் லேக் வரை, ஏறக்குறைய 2,100 கிலோமீட்டர், தாங்களே இழுக்கும் கைவண்டியில் வரட்டும்.

பெரியவருக்கு 17 பவுண்டு சாமான் அனுமதி. துணிமணி, படுக்கை எல்லாம் சேர்த்து. இன்று விமானத்தில் கைப்பையாக நாம் எடுத்துப் போகும் எடையைவிட ஒரு கிலோகூட அதிகமில்லை. அதற்குள் ஒரு வாழ்க்கையை அடுக்க வேண்டும். எதை எடுத்தாலும் விட்டாலும் போர்வையை எடுத்தாக வேண்டும். பைபிள் எடை, பாட்டுப் புத்தகம் எடை, குழந்தையின் காலணி எடை என்று தராசின் முன் நின்று அவர்கள் கழித்துக்கொண்டே போயிருப்பார்கள்.

அந்த ஆண்டின் முதல் மூன்று கைவண்டிக் குழுக்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தன. கடைசி இரண்டும், ஜேம்ஸ் வில்லியின் தலைமையில் சுமார் 500 பேரும் எட்வர்ட் மார்ட்டினின் தலைமையில் 570-க்கு மேற்பட்டவர்களும், கப்பல் தாமதத்தாலும் வண்டிகள் தயாராகாததாலும் பிந்திவிட்டன. காயாத பச்சை மரத்தில் அவசரமாகச் செய்த வண்டிகள் வழியில் சுருங்கி விரிசல் விட்டன. ஃப்ளோரன்ஸ் வந்தபோது ஆகஸ்ட். இங்கேயே குளிர்காலத்தைக் கழிப்பதா, மலையைத் தாண்ட முயல்வதா என்று வில்லி குழுவில் கூட்டம் போட்டார்கள்.

லீவை சாவேஜ் என்பவர் எழுந்து கண்ணீரோடு எச்சரித்தார். அந்தப் பாதையை முன்பே பார்த்தவர் அவர். முதியவர்களும் குழந்தைகளும் பலவீனரும் செத்துப்போவார்கள், போக வேண்டாம் என்றார். விசுவாசம் இருந்தால் கடவுள் பனியை விலக்குவார் என்ற பேச்சு வென்றது. சாவேஜ் அதன்பின் பிரிந்து போகவில்லை. போகத் தீர்மானித்தால் நானும் வருவேன், உங்களோடு கஷ்டப்படுவேன், தேவையானால் உங்களோடு சாவேன் என்றார். அந்தக் கூட்டத்தில் யாருக்கு விசுவாசம் அதிகம் இருந்தது என்று என்னைக் கேட்டால் சாவேஜைத்தான் காட்டுவேன். வானிலைக்குக் கடவுளைப் பொறுப்பாக்கியவர்களை அல்ல.

*

லிங்கனிலிருந்து மேற்கே 80-ஆம் எண் நெடுஞ்சாலை பிளாட் ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. அகலமான, ஆழமில்லாத, மணல் திட்டுகளாகப் பிரிந்து கிடக்கும் ஆறு. இருபுறமும் சோளம், மறுபடி சோளம். இதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. நடந்தே போனவர்கள் எழுதினார்கள், ஏனென்றால் அவர்களுக்கு இங்கே காலரா வந்தது. 1849 முதல் 1852 வரை இந்த ஆற்றங்கரையில் அதுதான் பெரிய கொலையாளி. முகாமுக்கு முகாம் தோண்டிய ஆழமற்ற கிணறுகளில் மலக்கழிவு கசிந்தது. காலையில் வண்டியோடு நடந்தவர் மாலையில் பிணம். மரமே இல்லாத சமவெளியில் சவப்பெட்டிக்குப் பலகை எங்கே? படுத்திருந்த போர்வையிலேயே சுற்றி, பாதை நடுவிலேயே புதைத்து, ஓநாய் தோண்டாமலிருக்க அதன்மேல் வண்டிகளை ஓட்டிப் போவார்கள்.

அந்தக் கல்லறைகளில் பெயரோடு மிஞ்சியவை மிகச் சில. ஒன்று ஸ்காட்ஸ்பிளஃப் ஊரில், ரயில் பாதையோரம். ரெபெக்கா விண்டர்ஸ் என்ற மார்மன் பெண் 1852 ஆகஸ்ட் 15 அன்று காலராவில் இறந்தார். கூட வந்த வில்லியம் ரெனால்ட்ஸ் வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையில் அவருடைய பெயரையும், வயது 50 என்பதையும் உளியால் பொறித்து, வளைத்துக் குழியில் நட்டார். அரை நூற்றாண்டு கழித்துத் தண்டவாளம் போட அளந்தவர்கள் அந்த இரும்பு வளைவைக் கண்டுபிடித்தார்கள். ரயில் மிக அருகே போவதால் 1995-இல் கல்லறையைச் சற்றுத் தள்ளி மாற்றினார்கள். நான் நின்றிருந்தபோது ஒரு நிலக்கரி ரயில் போயிற்று. பெட்டிகள் முடியவே இல்லை.

அந்த இரும்புக்குள்ள மரியாதை போர்வைக்கு இல்லை. இரும்பு சாட்சி சொல்ல நிற்கிறது. சுற்றிய துணி சில ஆண்டுகளில் மண்.

*

ஸ்காட்ஸ்பிளஃபிலிருந்து பாதையை விட்டு வடக்கே, தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜ் வரை போனேன். லக்கோட்டா மக்களின் ஒதுக்கீட்டு நிலம் அது. குடியேறிகளின் பக்தியைப் பற்றிய எந்தப் பயணமும் இந்த மக்களைக் கடந்து போகக் கூடாது என்பது என் எண்ணம். அந்த வண்டிகள் யாருடைய புல்வெளியைத் தின்றுகொண்டு போயினவோ அவர்களும் ஜெபித்தார்கள். 1854-இல் லாரமி கோட்டைக்கு அருகே ஒரு மார்மன் குழுவிடமிருந்து விலகிப் போன மாட்டை லக்கோட்டாக்காரர் ஒருவர் கொன்றார். அதற்காகப் படையோடு போன லெப்டினன்ட் கிராட்டன் பேச்சை முறித்துச் சுட்டார். லக்கோட்டாத் தலைவர் 'வெல்லும் கரடி' குண்டடிபட்டு இறந்தார். கிராட்டனும் அவருடைய 29 சிப்பாய்களும் கொல்லப்பட்டார்கள். ஒரு மாட்டில் தொடங்கிய போர் பல பத்தாண்டுகள் நீண்டது.

பைன் ரிட்ஜில் சாலையோரக் கடை ஒன்றில் நட்சத்திரப் போர்வைகள் தொங்கின. நூற்றுக்கணக்கான சின்ன வைர வடிவத் துண்டுகள் நடுவிலிருந்து விரிந்து எட்டு முனை நட்சத்திரமாகின்றன. மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் நிறம் நகர்வதைப் பார்த்தால் துணி எரிவது போல இருக்கிறது. லக்கோட்டாக்கள் காட்டெருமைத் தோலில் விடிவெள்ளியை வரைந்து போர்த்திக்கொண்டவர்கள். 1880-களுக்குள் வேட்டைக்காரர்கள் காட்டெருமைகளை ஏறக்குறைய அழித்தொழித்துவிட்டார்கள். 1883-இல் சூரிய நடனம் உள்ளிட்ட பழங்குடிச் சடங்குகளை அரசு குற்றமாக்கியது. அதே காலத்தில் மிஷனரிப் பெண்கள் ஒதுக்கீட்டு நிலங்களில் தையல் வகுப்பு நடத்தி, குவில்ட் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். கிறிஸ்தவ இல்லத்தரசியாக்குவது அவர்கள் நோக்கம். லக்கோட்டாப் பெண்கள் தையலை எடுத்துக்கொண்டு அதில் தங்கள் விடிவெள்ளியை வைத்தார்கள். தோலில் இருந்த நட்சத்திரம் துணிக்கு வந்தது.

கடைக்காரப் பெண்மணிக்கு அறுபது வயது இருக்கும். நட்சத்திரப் போர்வை வைத்துக்கொள்வதற்கில்லை, கொடுப்பதற்கு என்றார். குழந்தை பிறந்தால், பெயர் சூட்டினால், படித்து முடித்தால், படையிலிருந்து திரும்பினால் கொடுப்பார்கள். இறந்தால் சவப்பெட்டிமேல் போடுவார்கள். யூவீபி என்ற குணப்படுத்தும் சடங்கில் வைத்தியரை நட்சத்திரப் போர்வையில் சுற்றிக் கட்டிவிட்டு, விளக்கணைத்து, எல்லோரும் பாடி ஜெபிப்பார்கள். மொன்டானாவின் ஃபோர்ட் பெக்கில் கூடைப்பந்துப் போட்டியில் எதிரணி ஆட்டக்காரர்களுக்குக்கூட இதைப் போர்த்தி மரியாதை செய்கிறார்கள். "வருடத்துக்கு எத்தனை தைப்பீர்கள்?" என்று கேட்டதற்கு, "எத்தனை பேர் சாகிறார்களோ அதைப் பொறுத்தது" என்றார். குரலில் சோகமும் இல்லை, நகைச்சுவையும் இல்லை. துணிக்கடை எவ்வளவு தூரம் என்பதைப் பற்றித்தான் அதிகம் குறைபட்டுக்கொண்டார்.

*

லாரமி கோட்டையையும், கெர்ன்சி அருகே மணற்பாறையில் வண்டிச் சக்கரங்கள் அறுத்த பள்ளங்களையும் பார்த்துவிட்டு வயோமிங்கின் கிளென்ராக் என்ற சிற்றூருக்கு வந்தேன். ஒரு அனல்மின் நிலையம், சில மோட்டல்கள், ஓயாத காற்று. வழிகாட்டிப் புத்தகங்களில் இரண்டு வரி பெறும் ஊர். எனக்கு இந்தப் பயணத்தின் மையம் இதுதான்.

இங்கே டீர் கிரீக் என்ற ஓடை வட பிளாட் ஆற்றில் கலக்கிறது. 1856 அக்டோபர் 17 அன்று மார்ட்டின் குழு இங்கே முகாமிட்டிருந்தது. மாவு குறைந்துவிட்டது, ஆட்கள் மெலிந்துவிட்டார்கள், வண்டியை இழுக்க முடியவில்லை. பெரியவர்களுக்கான 17 பவுண்டை 10 ஆக்கினார்கள். கழித்ததைச் சுமக்க வழியில்லை. நல்ல கம்பளிகளையும் படுக்கைகளையும் துணிகளையும் குவித்துக் கொளுத்தினார்கள் என்று குழுவில் இருந்த ஜான் ஜாக்ஸ் எழுதியிருக்கிறார்.

இரண்டே நாள். அக்டோபர் 19 அன்று இன்றைய காஸ்பர் நகருக்கு அருகே பிளாட்டைக் கடைசி முறையாகக் கடந்தார்கள். பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி ஏறியவர்கள்மேல் அந்த ஆண்டின் முதல் பெரும் பனிப்புயல் இறங்கியது.

டீர் கிரீக் முகாமில் அன்றிரவும் வழக்கம்போல ஜெபக்கூட்டம் நடந்திருக்கும். நெருப்பு கையருகே எரிந்துகொண்டிருந்திருக்கும். எரிந்தவற்றில் யாரோ ஒருத்தியின் தாய் தைத்த குவில்ட் இருந்திருக்கலாம்; பெயர்கள் எழுதிய ஒன்றுகூட இருந்திருக்கலாம். அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு வாய் வரவில்லை. இழுக்க முடியாத வண்டியோடு நின்றால் அங்கேயே பட்டினி, இறக்கினால் குளிர். இரண்டில் எது முதலில் வரும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? ஆனால் ஜூலையில் கிளம்பியிருக்கக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டியவர்கள் இருந்தார்கள். திட்டம் தீட்டிய தலைவர்கள் யாரும் அந்த நெருப்பருகே இல்லை. சால்ட் லேக்கில் பின்னர் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டார்கள்.

எலிசபெத் ஜாக்சன் என்ற இங்கிலாந்துப் பெண் தன் கணவர் ஏரனோடும் மூன்று குழந்தைகளோடும் அந்தக் குழுவில் இருந்தார். பிற்காலத்தில் நினைவுக் குறிப்பு எழுதினார். ஆற்றைக் கடந்த சில நாட்களில் ஒரு மாலை கணவரால் சாப்பாட்டை விழுங்க முடியவில்லை. படுக்க வைத்துவிட்டு, ஒன்பது மணிக்குத் தானும் படுத்தார். படுக்கைத் துணி மிகவும் குறைந்துவிட்டதால் உடையைக்கூட மாற்றாமல் படுத்ததாக எழுதுகிறார். நள்ளிரவில் விழித்துக் கை வைத்தால் பக்கத்தில் உடல் சில்லிட்டிருந்தது. கூப்பிட்டாலும் யாராலும் எதுவும் செய்ய இயலாது. வெளிச்சம் இல்லை, நெருப்பு மூட்ட வழியில்லை. விடியும்வரை அதே போர்வைக்குள் இறந்தவரோடு கிடந்தார். காலையில் ஏரனை ஒரு கம்பளியில் சுற்றி, அந்த இரவுகளில் இறந்த வேறு 13 பேரோடு அடுக்கிப் பனியால் மூடினார்கள். நிலம் உறைந்து போய்க் குழி தோண்ட முடியவில்லை.

கடவுளைத் திட்டாமல், கடவுளைப் போற்றவும் அவசரப்படாமல் எழுதியிருக்கிறார். இன்னொரு இரவில், கூடாரம் அடிக்கக்கூட ஆளுக்குத் தெம்பில்லாதபோது, ஒரு பாறைமேல் உட்கார்ந்து, ஒரு குழந்தையை மடியிலும் மற்ற இரண்டை இரு பக்கமும் அணைத்துக்கொண்டு விடியும்வரை இருந்தார். அவருடைய ஜெபம் அந்தக் கணத்தில் என்னவாக இருந்தது என்று எழுதவில்லை. கனவில் கணவர் வந்து தைரியமாயிரு, மீட்பு நெருங்கிவிட்டது என்றதாக மட்டும் குறிப்பிடுகிறார். அக்டோபர் 28 அன்று மீட்புக் குழுவின் முன்னோடிக் குதிரைக்காரர்கள் முகாமை அடைந்தார்கள்.

*

காஸ்பரிலிருந்து தென்மேற்கே போனால் மார்ட்டின்ஸ் கோவ். கருங்கல் மலை அரைவட்டமாக உள்வாங்கிய ஒரு ஒதுக்கிடம். நவம்பர் முதல் வாரத்தில் காற்றுக்குப் பயந்து குழு ஒதுங்கியது இங்கே. இப்போது திருச்சபை ஒரு பார்வையாளர் மையம் நடத்துகிறது. வெள்ளைச் சட்டையணிந்த ஓய்வுபெற்ற தம்பதிகள் இன்முகத்தோடு வரவேற்கிறார்கள். கைவண்டிகளை வைத்திருக்கிறார்கள், இழுத்துப் பார்க்கலாம். கோடையில் யூட்டாவிலிருந்து பதின்வயதுப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து, பாவாடையும் பானெட்டும் அணிந்து இழுக்கிறார்கள். மூதாதையரின் துன்பத்தை உணர்வதற்காம். நான் போனபோது ஒரு பெண் காலணிக்குள் புகுந்த கல்லை உதறிக்கொண்டே தன் தோழியிடம் மதியச் சாப்பாட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. துன்பத்தை நடித்துப் பார்க்க முடியாது என்பது அவள் காலுக்குத் தெரிந்திருந்தது.

மையத்தில் காட்சிக்கு வைத்த சாமான்களில் 17 பவுண்டு எவ்வளவு என்று காட்ட ஒரு மூட்டை இருந்தது. தூக்கிப் பார்த்தேன். பெரிய பாரமில்லை. அதுதான் சங்கடம்.

வில்லி குழு இன்னும் மேற்கே, ராக்கி ரிட்ஜ் என்ற பாறை மேட்டை அக்டோபர் 23 அன்று பனிக்காற்றில் ஏறியது. அடுத்த முகாமில் ஒரே குழியில் 13 பேரைப் புதைத்தார்கள். குழி தோண்டிய இருவரும் அன்றே இறந்தார்கள். இரண்டு குழுக்களிலும் இறந்தவர்கள் 200-க்கும் மேல்.

*

சால்ட் லேக் சிட்டியில் கைவண்டிக்காரர்களைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் சொல்வது அக்டோபர் 5-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையைத்தான். இன்னும் இரண்டு குழுக்கள் சமவெளியில் இருக்கின்றன என்ற செய்தி முந்தைய நாள் வந்திருந்தது. திருச்சபை மாநாட்டு மேடையில் பிரிகம் யங் எழுந்து, இன்றைய பிரசங்கம் இதுதான், போய் அவர்களைக் கூட்டி வாருங்கள் என்ற பொருளில் பேசினார். கோவேறு கழுதை வேண்டும், வண்டி வேண்டும், மாவு வேண்டும். உங்கள் விசுவாசமும் மதமும் இதைச் செய்யாவிட்டால் உங்களைக் காப்பாற்றாது என்றார். லூசி மெசர்வ் ஸ்மித் என்ற பெண் எழுதியிருக்கிறார்: கூட்டத்தில் இருந்த பெண்கள் அங்கேயே, ஆராதனை மண்டபத்திலேயே, உள்பாவாடைகளையும் காலுறைகளையும் கழற்றி வண்டிகளில் குவித்தார்கள். அக்டோபர் 7 அன்று முதல் வண்டிகள் கிளம்பின. பிரோவோ ஊரில் அவரும் மற்றப் பெண்களும் கூடி, போர்வைகளும் துணிகளும் சேர்த்தார்கள். முதல் கூட்டத்தில் சேர்ந்ததையே நான்கு பிஷப்புகள் பெரும்பாடுபட்டுத்தான் சுமக்க முடிந்ததாம்.

அந்தப் பெண்களுடைய சங்கத்தின் பெயர் நிவாரண சங்கம். 1842-இல் நாவூவில், கோயில் கட்டும் தொழிலாளிகளுக்குச் சட்டை தைத்துக் கொடுக்க நினைத்த இரண்டு பெண்களின் பேச்சிலிருந்து அது பிறந்தது. ஊசியில் தொடங்கிய மத நிறுவனம்.

நவம்பர் 30, மறுபடி ஞாயிறு. மார்ட்டின் குழு நகரத்துக்குள் வந்துகொண்டிருந்தது. பலருக்குப் பனியில் பாதங்கள் அழுகியிருந்தன. பிரிகம் யங் பிற்பகல் ஆராதனையை ரத்து செய்தார். பெண்கள் வீட்டுக்குப் போய் அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், பணிவிடை செய்ய வேண்டும் என்றார். ஜெபம் நல்லதுதான், ஆனால் சுட்ட உருளைக்கிழங்கும் பாலும் தேவைப்படும்போது அவற்றின் இடத்தை ஜெபம் நிரப்பாது என்று சொன்னார். அவர்மேல் எனக்கு வேறு பல புகார்கள் உண்டு. அந்தத் திட்டமே அவருடையது. ஆனாலும் அந்த ஞாயிறன்று மேடையில் நின்று அதைச் சொன்னதற்காக ஒரு கும்பிடு.

நகரத்தின் முன்னோடிகள் நினைவு அருங்காட்சியகத்தில், யூட்டா முன்னோடிகளின் மகள்கள் என்ற சங்கம் பராமரிக்கும் அடுக்குகளில், ஏராளமான குவில்ட்கள் இருக்கின்றன. லிங்கனைப் போலவே அழகானவை, பத்திரமானவை, பெட்டிக்குள் இருந்தவை. டீர் கிரீக்கில் எரிந்ததோ, ஏரன் ஜாக்சனைச் சுற்றியதோ எங்கும் இருக்கப் போவதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவற்றுக்கு நடுவிலுள்ள இடைவெளியைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள், நகரின் தெற்கே ஒரு திருச்சபைக் கூடத்தில் பெண்கள் போர்வை கட்டுகிறார்கள் என்று நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் கூட்டிப்போனார். கூடைப்பந்துக் கோடுகள் போட்ட தரையில் நான்கு சட்டங்கள். ஓட்டுத்தையல் எல்லாம் இல்லை. அது நாள்கணக்கில் ஆகும். கெட்டியான ஊசியில் கம்பளி நூலைக் கோத்து மூன்றடுக்கிலும் இறக்கி ஏற்றி, கையகலத்துக்கு ஒன்றாக முடிச்சுப் போடுகிறார்கள். ஒரு காலைப்பொழுதுக்குள் போர்வை தயார். பஞ்சு பாலியெஸ்டர். துணியில் டைனோசார்.

என் பக்கத்தில் இருந்தவரின் பாட்டியின் பாட்டி மார்ட்டின் குழுவில் வந்தவராம். வீட்டில் அந்தக் காலத்துப் போர்வை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"எப்படி இருக்கும்? போட்டுக் கிழித்திருப்பார்கள்" என்றார்.

இந்தப் போர்வைகள் எங்கே போகின்றன?

"கிடங்குக்கு. அங்கிருந்து எங்கே வெள்ளமோ, எங்கே அகதி முகாமோ." என் முடிச்சை விரலால் இழுத்துப் பார்த்தார். அது அவிழ்ந்து வந்தது. "வலது மேல் இடது, பிறகு இடது மேல் வலது. இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே போய்விடும். இதை அறுத்துவிட்டு மறுபடி போடுங்கள், பதினொரு மணிக்கு வண்டி வருகிறது."